பச்சை எண்ணும் பக்கத்துப் புகையும்

ஐப்பசி பிறந்தால் தொலைக்காட்சியில் டெல்லி வந்துவிடுகிறது. முகமூடி போட்ட பிள்ளைகள், புகையில் கரைந்துபோன இந்தியா கேட், பள்ளிகளுக்கு விடுமுறை. அதைப் பார்த்துவிட்டுப் புதுக்கோட்டைக்காரர்கள் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் ஒன்றுதான்: “நல்லவேளை, நம்ம ஊர்ல அந்தத் தொல்லை இல்ல.” கீழராஜவீதி டீக்கடையில் இதைக் கேட்கலாம். அலுவலகக் கூட்டங்களில் கேட்கலாம். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், வீட்டு வாசலில் நின்று மூச்சை நன்றாக இழுத்துவிட்டுச் சொல்வதையும் கேட்கலாம்.

இந்த நம்பிக்கைக்கு மூன்று கால்கள். ஒன்று, ஊர் சின்னது. பெரிய ஆலைகள் இல்லை, எங்கு திரும்பினாலும் கண்மாயும் பொட்டலும் தைலமரக் காடும்தான். இரண்டு, அரசாங்கமே அளந்து சொல்லிவிட்டது. கைப்பேசியில் தட்டினால் புதுக்கோட்டை பச்சை நிறத்தில் தெரிகிறது. மூன்று, இங்கே இருக்கிற புகையெல்லாம் நம்முடைய புகை. அடுப்பும் சாம்பிராணியும் போகியும் புதிதா என்ன, பாட்டன் பாட்டி எல்லோரும் அதிலேதானே வாழ்ந்தார்கள்?

மூன்றில் எதுவும் நிற்காது. ஒருவருடைய நுரையீரலுக்குள் எவ்வளவு நஞ்சு போகிறது என்பதை அவர் குடியிருக்கும் ஊரின் மக்கள்தொகை தீர்மானிப்பதில்லை. புகைக்கும் மூக்குக்கும் நடுவே எத்தனை அடி, அந்தப் புகைக்குள் எத்தனை மணி நேரம் என்பதுதான் தீர்மானிக்கிறது. மாசு என்றால் என்ன என்பதை டெல்லிப் படங்களில் பார்த்துப் பழகியதால் நாம் வானத்தை அண்ணாந்து பார்க்கிறோம். புதுக்கோட்டையின் மாசோ இடுப்பு உயரத்தில் இருக்கிறது.

எதிர்த்தரப்பில் உண்மை எதுவும் இல்லை என்று சொல்லவில்லை. டெல்லியைப் போலக் குளிர்காலக் காற்று தேங்கி நிற்கும் நில அமைப்பு இங்கே கிடையாது. கிழக்கே பாக் நீரிணைக் கடற்கரை இருக்கிறது, கடற்காற்று வருகிறது. அனல்மின் நிலையங்களின் வரிசை இல்லை. மாவட்டம் முழுவதற்குமான சராசரிக் காற்று டெல்லியைவிடப் பல மடங்கு மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் சராசரிக் காற்றை யாரும் சுவாசிப்பதில்லை. ஒவ்வொருவரும் தம் அடுப்படியின் காற்றை, தம் தெருவின் காற்றை, தாம் வேலை பார்க்கும் இடத்தின் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

மூன்று கால்களில் பார்வைக்கு உறுதியானது அந்தப் பச்சை எண். அறிவியலின் முத்திரையோடு வருவதால் அதையே முதலில் எடுத்துக்கொள்வோம். 2015 ஏப்ரலில் தொடங்கிவைக்கப்பட்ட தேசியக் காற்றுத் தரக் குறியீடு எட்டு மாசுகளைக் கணக்கில் எடுக்கிறது. அவற்றில் எது மோசமோ அதன் மதிப்பே அன்றைய எண். 50 வரை ‘நல்லது’, 100 வரை ‘திருப்திகரம்’. இரண்டுக்கும் பச்சை நிறம்தான், ஒன்று அடர்ந்தது, மற்றது வெளிறியது. 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான நுண்துகள்களை எடுத்துக்கொண்டால், ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரி 30 மைக்ரோகிராம் வரை இருந்தால் ‘நல்லது’. 60 வரை ‘திருப்திகரம்’.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதலில் இதே நுண்துகளுக்கு 24 மணி நேர அளவு 15 மைக்ரோகிராம். ஆண்டுச் சராசரி 5. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுத் தர அளவில் ஆண்டுச் சராசரி 40. அதாவது 24 மணி நேரக் கணக்கில் உலக அளவுகோலை இரண்டு மடங்கு எட்டிய காற்றும் நம் கைப்பேசியில் அடர்பச்சையாகவே தெரியும். நான்கு மடங்கு எட்டினாலும் பச்சை போகாது, கொஞ்சம் வெளிறும், அவ்வளவுதான். டெல்லியையும் கான்பூரையும் ஒரே பட்டியலில் வைத்துப் பார்க்கும் வசதிக்காக வகுத்த படிநிலை இது. புதுக்கோட்டையில் ஆஸ்துமாவோடு இருக்கும் ஒரு பிள்ளைக்குத் தரும் மருத்துவச் சான்றாக இதை வாசிப்பது வாசிப்பவரின் பிழை.

அடுத்து, அந்தச் சராசரி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம், ஆக மூன்று மணி நேரம் ஒரு தெருவில் நுண்துகள் 200 மைக்ரோகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 21 மணி நேரம் 15தான். 24 மணி நேரச் சராசரி 38 வரும். குறியீட்டில் அது ‘திருப்திகரம்’. ஆனால் அந்தத் தெருவில் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புவதும் பெண்கள் வாசல் தெளிப்பதும் வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்புவதும் அந்த மூன்று மணி நேரத்துக்குள்தான். காற்று அடங்கிக் கிடப்பதும் அதே வேளையில்தான். மனிதர்கள் வெளியே இருக்கும் நேரத்தையும் உறங்கும் நேரத்தையும் சேர்த்து வகுத்துவிட்டால் கெட்டது கரைந்துவிடும், காகிதத்தில்.

பிறகு இடம். புதுக்கோட்டை மாவட்டத்தின் பரப்பு 4,663 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி 16 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அன்றாடம் வெளியிடும் பட்டியலில் புதுக்கோட்டை என்ற பெயருக்கு எதிரே வரும் எண், ஒரு தானியங்கி நிலையம் தன்னைச் சுற்றியுள்ள காற்றை உறிஞ்சிச் சொல்லும் எண். இப்படிப்பட்ட நிலையங்களை எங்கே வைப்பது என்பதற்கு வாரியத்தின் விதிமுறை இருக்கிறது: உறிஞ்சுகுழாய் தரையிலிருந்து 3 முதல் 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், அடுப்பு, புகைபோக்கி போன்ற நேரடிப் புகைமூலங்களை விட்டு விலகியிருக்க வேண்டும். வட்டாரத்தின் பொதுக்காற்றை அறிவதுதான் அதன் வேலை என்பதால் அது சரியான விதிதான். பக்கத்துப் புகை கணக்கில் வந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நிறுவிய கருவியைக் காட்டி, பக்கத்தில் புகையே இல்லை என்கிறோம் நாம். ஆட்சியர் அலுவலக வாசலில் மாட்டிய வெப்பமானியைப் பார்த்துவிட்டு வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை என்பது போன்ற வாதம் இது.

தேசிய அளவிலும் இதே பார்வைதான். 2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் சுமார் 130 நகரங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி என நான்கு. போகியன்று சென்னையில் 15 இடங்களில் காற்றை அளந்து அறிக்கை கொடுக்கிறது மாநில வாரியம். டயரும் பழைய பாயும் புதுக்கோட்டையிலும்தான் எரிகின்றன. பெருநகரத்தில் அளப்பார்கள், அங்கே மாசு தெரியும். சிற்றூரில் அளக்கமாட்டார்கள், அங்கே மாசு தெரியாது. தெரியாததால் இல்லை என்று ஆகும். இல்லாததால் அளக்கத் தேவையில்லை என்று முடியும். இந்த வட்டத்துக்குள் நின்றுகொண்டு ‘சுத்தமான ஊர்’ என்று பெருமைப்படுவதில் பொருளில்லை.

இனி முதல் கால்: பெரிய ஆலை இல்லை, ஆகவே மாசு இல்லை.

தஞ்சாவூர் சாலையில் ஆதனக்கோட்டையைத் தாண்டுகிறவர்கள் வண்டியை நிறுத்தி முந்திரிப் பருப்பு வாங்காமல் போவதில்லை. அந்தப் பருப்பு கைக்கு வரும் வழியைப் பார்க்க வேண்டும். முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் பொத்துப் புண்ணாக்கும் காரம் கொண்டது. கொட்டையைச் சட்டியில் போட்டு வறுக்கும்போது அந்த எண்ணெய் கசிந்து தீப்பற்றிக் கரும்புகை கக்குகிறது. கண் எரியும், தொண்டை கமறும். அந்தச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று கிளறுகிறவர்களும், வறுத்ததை உட்கார்ந்து உடைக்கிறவர்களும் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் விரல்களின் கறுப்பு சோப்புக்குப் போகாது. உள்ளே போன புகையின் கறுப்பை யார் கண்டது? சட்டியை வைத்திருப்பவர் ஆலை அதிபர் அல்ல; அந்த இடத்துக்குத் தொழிற்சாலை என்ற பெயரும் கிடையாது. ஆகவே எந்தப் பட்டியலிலும் வராது. ஆலை இல்லாததால் புகை இல்லாமல் போய்விடவில்லை. புகைபோக்கியும் ஆய்வாளரும் சட்டப் பாதுகாப்பும்தான் இல்லை.

அடுத்தது கல். நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல், திருமயம் என்று பாறையால் பெயர் பெற்ற மாவட்டம் இது. அந்தப் பாறைதான் இன்று ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் டிப்பர் லாரிகளில் போகிறது. கிரஷர்களைச் சுற்றியுள்ள ஊர்களில் வேப்பிலையின் நிறம் பச்சையா சாம்பலா என்று சந்தேகம் வரும். கண்ணுக்குத் தெரியும் அந்தத் தூசி உண்மையில் குறைந்த ஆபத்து. அது இலைமேல் படிந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய சிலிக்காத் துகள்தான் நுரையீரலின் கடைசி அறை வரை போய்த் தங்கி அதைத் தழும்பாக்குகிறது. சிலிக்கோசிஸ் என்ற அந்த நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது.

கல் அரவை ஆலைகளுக்கென்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் தனி வரம்பு இருக்கிறது: எந்திரத்திலிருந்து 3 முதல் 10 மீட்டர் தூரத்தில் காற்றில் மிதக்கும் துகள் 600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. தூசி கிளம்பும் இடத்தை மூடிக்கட்ட வேண்டும், காற்றைத் தடுக்கும் சுவர் வேண்டும், வளாகத்துக்குள் சாலை போட வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும், சுற்றிலும் மரம் வளர்க்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. 600 என்பதே தாராளமான வரம்புதான். அந்த வரம்பாவது காக்கப்படுகிறதா என்பதை எந்திரத்துக்குப் பக்கத்தில் அளந்தால்தான் தெரியும். நகரத்தில் நிற்கும் நிலையம் அதைச் சொல்லாது.

இதைக் கேள்வி கேட்பவர்களுக்கு நேர்வது என்ன என்பதையும் இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. திருமயம் வட்டாரத்தில் சட்டவிரோதக் குவாரிகளுக்கு எதிராகத் தொடர்ந்து புகார் கொடுத்துவந்த ஜகபர் அலி 2025 ஜனவரி 17 அன்று லாரி மோதி உயிரிழந்தார். அது விபத்தல்ல, கொலை என்று வழக்குப் பதிவாகி, குவாரி உரிமையாளர்களும் கைதானார்கள், விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லும். நாம் கற்க வேண்டியது வேறு. அளப்பது அரசின் அன்றாடக் கடமையாக இருந்து, எண்ணைக் கிரஷர் வாசலிலேயே பலகையில் எழுதிவைக்கும் வழக்கம் இருந்தால், கேள்வி கேட்கும் சுமை ஒரு தனிமனிதரின் தோளில் ஏறாது. அளவை இல்லாத இடத்தில் புகார் மனுதான் ஒரே சான்று. மனு எழுதியவர்தான் ஒரே இலக்கு.

பிறகு குப்பை. இதற்கு ஆலையும் வேண்டாம், குவாரியும் வேண்டாம். தெருமுனையில், கண்மாய்க் கரையில், கடை மூடும் நேரத்தில் கடைக்குப் பின்னால், தூய்மைப் பணியாளருக்கு வண்டி வராத நாளில் ரோட்டோரத்தில் எரிகிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் திறந்தவெளியில் குப்பை எரிப்போருக்கு 5,000 ரூபாயும், மொத்தமாக எரிப்போருக்கு 25,000 ரூபாயும் இழப்பீடு விதித்தது. உத்தரவு இருக்கிறது, தீயும் இருக்கிறது. பி.வி.சி. கலந்த குப்பை எரிந்தால் டையாக்சின் உண்டாகும். மனித உடலுக்குள் டையாக்சின் போவதில் 90 சதவீதத்துக்கும் மேல் உணவின் வழியாகத்தான், குறிப்பாக இறைச்சி, பால், மீன் வழியாகத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குப்பை எரிந்த கண்மாய்க் கரையில் நம் ஆடும் மாடும் மேய்கின்றன. புகை கலைந்துவிட்டது, காற்று சுத்தமாகிவிட்டது என்று நாம் நினைக்கும்போது அது பாலுக்குள் வந்துகொண்டிருக்கிறது.

சத்தமும் மாசுதான். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று 2000ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பேருந்து நிலையத்துக்குள் நுழையும் தனியார் பேருந்தின் ஏர்ஹாரனும், விடியற்காலையில் கோயில் கோபுரத்திலோ கல்யாண வீட்டு வாசலிலோ கட்டிய குழாய் ஒலிபெருக்கியும் இந்த எண்களைக் கேள்விப்பட்டதே இல்லை. ‘சின்ன ஊர், அனுசரித்துப் போவோம்’ என்ற வாக்கியம் இங்கும் சட்டத்தை விழுங்குகிறது.

இந்தச் ‘சின்ன ஊர்’ என்ற சாக்கும் காலாவதியாகிவிட்டது. 1912இல் நகராட்சியான புதுக்கோட்டை 2024இல் மாநகராட்சியாகிவிட்டது. வரி கூடும், வண்டி கூடும், கட்டடம் கூடும், இடித்த கட்டடத்தின் தூசியும் கூடும். பலகையை மட்டும் மாற்றிக்கொண்டு, பொறுப்பில் பழைய கிராமமாகவே இருந்துகொள்வோம் என்பது நடக்காது.

மூன்றாவது கால்தான் உணர்ச்சியோடு வருவது: நம் புகை நமக்குப் பழகிய புகை.

அமெரிக்க ஆய்வாளர் கிர்க் ஸ்மித் 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடலிலேயே கருவியை மாட்டி அடுப்புப் புகையை அளந்தார். மாசு என்றால் நகரத்துப் புகைபோக்கி என்று உலகமே நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் காட்டியது எளிமையானது: உயர்ந்த புகைபோக்கியிலிருந்து வரும் ஒரு கிராம் புகையில் மனித நுரையீரலுக்குள் போவது துளியிலும் துளி, மூடிய அடுப்படியில் கிளம்பும் அதே ஒரு கிராமில் போவது அதைவிடப் பல நூறு மடங்கு. வீட்டுக்குள் எரியும் எரிபொருளின் புகையால் 2020இல் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அந்தக் கணக்கு பிறந்ததே, வானத்தை விட்டுவிட்டு அடுப்படிக்குக் கருவியைக் கொண்டுபோனதால்தான்.

தமிழ்நாட்டில் இந்த வேலையை நீண்ட காலமாகச் செய்துவருகிறவர் சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன். அவருடைய குழு பங்கேற்ற நான்கு நாட்டு ஆய்வு ஒன்று விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் நடந்தது. மொத்தம் 3,200 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகத் தரப்பட்டன. மீதிப் பேர் விறகிலேயே சமைத்தார்கள். விறகடுப்புக்காரர்கள் சுவாசித்த நுண்துகளின் இடைநிலை அளவு சுமார் 70 மைக்ரோகிராம், எரிவாயுக்காரர்களுக்கு 24. டெல்லி இல்லை, ஆலை இல்லை, சாலை நெரிசல் இல்லை. இடுப்பில் குழந்தையைச் சுமப்பதற்கு முன் வயிற்றில் சுமக்கும் பெண் தன் சொந்த அடுப்படியில் சுவாசித்தது 70.

இதே ஆய்வைச் சிலர் எதிர்வாதமாகக் காட்டுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் வந்த முடிவின்படி, புகை இவ்வளவு குறைந்தும் குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அப்படியானால் புகையால் கெடுதல் இல்லையா? குழந்தைகளின் நிமோனியா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு, மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய் ஆகியவற்றோடு அடுப்புப் புகைக்குள்ள தொடர்பு பல பத்தாண்டுச் சான்றுகளால் நிறுவப்பட்டது. கர்ப்பம் தரித்த பிறகு சில மாதங்களுக்கு மட்டும் புகையைக் குறைப்பது பிறப்பு எடைக்குப் போதவில்லை என்பதே அந்த ஆய்வு சொல்லும் செய்தி. அளந்ததால்தான் இந்த ஏமாற்றமும் நமக்குத் தெரிந்தது. அளக்காமல் அடுப்பு மட்டும் கொடுத்திருந்தால் வெற்றி விழா எடுத்திருப்போம்.

புதுக்கோட்டை வீடுகளில் எரிவாயு இல்லாமல் இல்லை. 2007 வாக்கில் தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்பு வந்தது. 2016இல் மத்திய அரசின் உஜ்வாலா வந்தது. இருந்தாலும் காப்பிக்கும் குழம்புக்கும் சிலிண்டர், சோற்றுக்கும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் கொல்லைப்புற அடுப்பு என்று வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம். தைலமர விறகும் சீமைக்கருவேல முள்ளும் தென்னை மட்டையும் காசில்லாமல் கிடைக்கும்போது சிலிண்டரைச் சிக்கனமாகத்தான் பிடிப்பார்கள். ‘எல்லார் வீட்டிலும் கேஸ் இருக்கிறது’ என்று இணைப்பு எண்ணிக்கையைக் காட்டுவது, பச்சை எண்ணைக் காட்டுவதற்கு உறவுமுறைதான். இணைப்பு புகையின் அளவாகாது. எத்தனை வேளை எதில் சமையல் என்பதுதான் அளவு.

அடுப்பை விடுங்கள், படுக்கையறைக்கு வாருங்கள். கொசுவர்த்திச் சுருள் ஒன்று எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடுவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. கொசு வரக் கூடாது என்று சன்னலைச் சாத்திவிட்டு, குழந்தையின் தலைமாட்டில் அதைக் கொளுத்தி வைக்கிறோம். அந்த வீட்டில் யாராவது ஒரு பீடி பற்றவைத்தால் மட்டும் “பிள்ளை தூங்குது, வெளியில போங்க” என்று சத்தம் போடுகிறோம்.

“எங்க அப்பத்தா இந்தப் புகையில கெடந்துதான் தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்துச்சு” என்பது அடுத்த சாட்சியம். இருந்திருப்பார். இல்லாமல் போனவர்கள் சாட்சி சொல்ல வருவதில்லை. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டித்தான் இருந்தது. இருமி இருமி நாற்பதில் போனவர்களை ‘காசம்’, ‘இழுப்பு’, ‘சீக்கு’ என்று சொல்லிப் புதைத்தோம், எரித்தோம். பழகிப்போவது மூக்குதான், நுரையீரல் பழகுவதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு எஞ்சி நிற்கும் எதிர்வாதங்கள் இரண்டு. இரண்டும் மரியாதைக்குரியவை.

முதலாவது: பிழைப்பைக் கெடுக்காதீர்கள். முந்திரி வறுக்கும் பெண்ணிடம் அளவைக் கருவியோடு போனால் அடுத்த நாள் அவள் சட்டியைத்தான் தூக்கிப்போவார்கள், கிரஷர்காரரைத் தொடமாட்டார்கள் என்ற பயம் நியாயமானது. நம் நிர்வாகத்தின் வழக்கம் அப்படி. அதற்கான பதில் அளப்பதை விடுவதில் இல்லை. யாருக்காக அளக்கிறோம் என்பதைத் தெளிவாக்குவதில் இருக்கிறது. அவள் அங்கே குற்றவாளி கிடையாது, முதல் பாதிக்கப்பட்டவள். அவள் சுவாசிக்கும் அளவு தெரிந்தால், உயர்ந்த புகைபோக்கி வைத்த பொதுக் கொட்டகைக்கும், கொட்டையை வறுக்காமல் ஆவியில் வேகவைத்து உடைக்கும் முறைக்கும் அரசுப் பணம் கேட்க ஒரு காரணம் எழுத்தில் கிடைக்கும். கல்லுடைப்பில் நுரையீரலை இழந்தவர்களுக்கு ராஜஸ்தான் 2019இல் தனிக் கொள்கையே வகுத்து நிவாரணம் தருகிறது. நோயாளிகளை எண்ணத் தொடங்கிய பிறகுதான் அது சாத்தியமாயிற்று. எண்ணப்படாதவர்களுக்கு எந்த அரசும் காசோலை எழுதியதில்லை.

இரண்டாவது: கருவி விலை அதிகம், ஆள் இல்லை. தானியங்கி நிலையம் ஒன்றுக்குக் கோடிக் கணக்கில் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் ஒளிச்சிதறலைக் கொண்டு நுண்துகளைக் கணிக்கும் சிறு உணரிகள் இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. அவற்றுக்குக் குறை உண்டு: ஐப்பசி கார்த்திகை ஈரக்காற்றில் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிவிடுவதால் அவை கூடுதலாகக் காட்டும். இதற்குத் தீர்வும் எளிது. சில வாரங்கள் அரசு நிலையத்தின் பக்கத்திலேயே வைத்து, அதன் எண்ணோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டு பிறகு வெளியே எடுத்துப் போக வேண்டும். அந்த ஒற்றை நிலையத்தின் உண்மையான பயன் அதுதான். மாவட்டத்துக்கு நற்சான்று தருவதைவிட, நூறு சிறு கருவிகளுக்கு அளவுகோலாக நிற்கலாம். வேலை செய்ய மாட்சிமை தங்கிய மன்னர் கல்லூரியின் இயற்பியல், வேதியியல் மாணவர்கள் இருக்கிறார்கள். 2017 முதல் இங்கே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது; எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் இழுப்போடு வருகிறார்கள் என்ற பதிவு அதன் நோயாளிச் சீட்டுகளிலேயே கிடக்கிறது.

ஆள் இல்லை என்று புதுக்கோட்டை சொல்வது பொருந்தவே பொருந்தாது. 1991இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் இங்கே தொடங்கியபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் காலத்தில், எழுத்தோடு சேர்த்துப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரிகளின் குத்தகை கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்கே கொடுக்கப்பட்டது. படிக்காத பெண்களால் முடியாது என்று அன்றைக்கும் சொன்னார்கள். எழுத்தைக் கற்றுக்கொண்ட மாவட்டத்துக்கு எண்ணைப் படிப்பது பெரிய காரியமில்லை.

அளக்காத சமூகத்தில் உடம்புதான் கருவி. 2022 டிசம்பரில் இதே மாவட்டத்தின் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது எப்படி? பிள்ளைகள் நோயில் விழுந்தார்கள். தண்ணீரைப் பாருங்கள் என்றார்கள் மருத்துவர்கள். தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். அது அன்றாட மாசு அல்ல, கொடுங்குற்றம். அதன் வழக்கும் அரசியலும் வேறு. ஆனால் முதலில் எச்சரித்த கருவி எது என்ற கேள்விக்கு அங்கும் பதில் குழந்தைகளின் வயிறுதான். அடுப்படியில் பெண்ணின் கண்ணும், கிரஷரில் தொழிலாளியின் இருமலும், குப்பைப் புகையில் குழந்தையின் இழுப்பும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் அளவை வரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. தெருவில் குப்பை எரிகிறது என்பதை அறிய உணரி தேவையில்லை, கண் போதும். அங்கே வேண்டியது மறுநாள் காலை வரும் குப்பை வண்டி. ஏர்ஹாரனைக் கழற்ற டெசிபல் மீட்டர் தேவையில்லை. மோட்டார் வாகன விதியே போதும். படுக்கையறையில் சுருளுக்குப் பதில் வலை கட்ட ஆய்வறிக்கை தேவையில்லை. அளவை வேண்டியது, மறுப்பதற்கு ஆள் இருக்கும் இடத்தில்: கிரஷர் வாசலில், வறுகொட்டகையில், சாலையோரப் பள்ளிக்கூடத்தின் வகுப்பறையில், குப்பைக் கிடங்கை ஒட்டிய தெருவில், காலை ஆறு முதல் எட்டு வரை. அங்கெல்லாம் எண்ணைச் சராசரியாக்காமல், அந்தந்த வேளைக்குரிய எண்ணாகவே, தமிழில், எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும். மாநகராட்சியின் முதல் சில வரவுசெலவுத் திட்டங்களிலேயே இதற்கு ஒரு தலைப்பு வேண்டும். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம் அந்த எண்களுக்குப் பதில் சொல்லும் கடமை பெற வேண்டும்.

இதுவரை நிரூபிக்கும் சுமை புகையைச் சுவாசிக்கிறவர்கள் மேல் இருந்தது. இருமுகிறவர், இருமல் எதனால் என்று நிரூபிக்க வேண்டும். மனு எழுதுகிறவர், தூசி எவ்வளவு என்று நிரூபிக்க வேண்டும். இனி அது மாற வேண்டும். நம் ஊர் சுத்தமான ஊர் என்று சொல்லிக்கொள்ள விரும்புகிறவர்கள், கிரஷருக்குப் பத்து மீட்டரிலும் சட்டிக்குப் பக்கத்திலும் அடுப்புக்கு முன்னாலும் அளந்து, அதை நிரூபிக்கட்டும். அதுவரை ‘நல்ல காற்று’ என்பது ஒரு நம்பிக்கை மட்டுமே. அந்த நம்பிக்கைக்கான விலையை அதைச் சொல்கிறவர்கள் கொடுப்பதில்லை.